2023 பேஸ்பால் பிளேஆஃப்: இரண்டு நண்பர்கள், 11 தொடர்கள், ஒரு நாணயம்

2023 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலின் பிளேஆஃப், அதாவது பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள், தொடங்கியபோது, 162 ஆட்டப் பருவத்தில் நூறு வெற்றிகளைத் தொட்ட அணிகள் மூன்று களத்தில் இருந்தன. அட்லாண்டா பிரேவ்ஸ் 104, பால்டிமோர் ஓரியோல்ஸ் 101, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 100. இந்த மூன்றும் சேர்ந்து அந்த அக்டோபரில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். கோப்பைக்கான வேர்ல்டு சீரிஸில் மோதிக்கொண்டவை 90 வெற்றி பெற்ற டெக்சஸ் ரேஞ்சர்ஸும் 84 வெற்றி பெற்ற அரிசோனா டைமண்ட்பேக்ஸும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2021-ல், ரேஞ்சர்ஸ் 102 ஆட்டங்களிலும் டைமண்ட்பேக்ஸ் 110 ஆட்டங்களிலும் தோற்றிருந்தன.

முடிவுகளைக் கணிக்க முயன்ற எவருக்கும் கடினமான பருவம் அது. கணிப்பு முறைகளைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல பருவமும் இல்லை. இந்த ஆய்வில் இரண்டு நண்பர்களை எடுத்துக்கொள்கிறோம். நண்பர்கள் கற்பனை; ஆட்டங்களும் எண்களும் நிஜம். ஒருவர் பருவத்தின் வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் நம்புபவர். அவரை வெற்றிக்காரர் என்போம். மற்றவர், எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்று கேட்பதில்லை. எத்தனை ரன் எடுத்தாய், எத்தனை ரன் கொடுத்தாய் என்று கேட்பார். அவர் ரன்காரர். இருவரும் தங்கள் முறையிலிருந்து இம்மியும் பிசகாமல் 11 தொடர்களையும் கணித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே கேள்வி.

முதலில் போட்டியின் அமைப்பு. 2022 முதல் பிளேஆஃபில் 12 அணிகள். அமெரிக்கன் லீகிலிருந்து ஆறு, நேஷனல் லீகிலிருந்து ஆறு. ஒவ்வொரு லீகிலும் முதல் இரண்டு தரவரிசை அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. மற்றவை வைல்டு கார்டு சுற்றில் மூன்று ஆட்டத் தொடர் ஆடும். எல்லா ஆட்டங்களும் உயர்ந்த தரவரிசை அணியின் மைதானத்திலேயே. அடுத்தது டிவிஷன் சீரிஸ், ஐந்து ஆட்டம். பிறகு லீக் சாம்பியன்ஷிப், ஏழு ஆட்டம். கடைசியாக வேர்ல்டு சீரிஸ், அதுவும் ஏழு. சுற்று முடிந்ததும் அணிகளை மறுபடி வரிசைப்படுத்துவது கிடையாது. யார் யாரோடு மோதுவார்கள் என்ற கட்டம் முதலிலேயே நிர்ணயமாகிவிடும். ஆக மொத்தம் 4 + 4 + 2 + 1 = 11 தொடர்கள்.

பந்தயத்தின் விதிகளை முதல் பந்துக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். நண்பர்களுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் முடிவால் அல்ல, விதி எழுதாததால். முழுக் கட்டத்தையும் ஒரேயடியாக நிரப்புவதா, சுற்றுக்குச் சுற்று புதிதாகக் கணிப்பதா என்பது முதல் விஷயம். ஒரேயடியாக நிரப்பினால் முதல் சுற்றில் விழுந்த ஒரு தவறு கடைசிவரை தொடரும்; கணிப்புத் திறனை அளக்க அது உதவாது. ஒவ்வொரு தொடரையும் சரியாகச் சொல்ல 60 சதவீத வாய்ப்பு உள்ளவருக்கே 11-ம் சரியாக வருவதற்கான வாய்ப்பு 276-ல் ஒன்றுதான். ஆகவே இங்கே சுற்றுக்குச் சுற்று. இரண்டாவது, ‘இந்த அணி ஜெயிக்கும்’ என்று மட்டும் எழுதக்கூடாது. நூற்றுக்கு எத்தனை என்று எழுத வேண்டும். 51-ஐயும் 80-ஐயும் ஒரே கணிப்பாக எண்ணும் பந்தயத்தில் யாருக்கு விஷயம் தெரியும் என்று கண்டுபிடிக்கவே முடியாது. மூன்றாவது, சரியாக 50 வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அரிதாக வரும் சங்கதிபோலத் தோன்றும்; இந்தப் பருவத்திலேயே வந்தது.

இனி கணக்கு. இருவருக்கும் தேவை ஒரு ‘பலம்’ எண். வெற்றிக்காரரின் பலம் எண் எளிது: வெற்றியைத் தோல்வியால் வகுக்க வேண்டும். பிரேவ்ஸ் 104 வெற்றி, 58 தோல்வி; 104 ÷ 58 = 1.79. பிலடெல்பியா பில்லீஸ் 90, 72; 90 ÷ 72 = 1.25. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.43. அதை, அதனுடன் 1 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும்: 1.43 ÷ 2.43 = 0.589. ஒரு தனி ஆட்டத்தில் பில்லீஸை பிரேவ்ஸ் வெல்ல 59 சதவீத வாய்ப்பு என்று பொருள்.

ரன்காரர் எடுத்த ரன்னைக் கொடுத்த ரன்னால் வகுத்து, 1.83 அடுக்குக்கு உயர்த்துவார். பேஸ்பால் புள்ளிவிவரத்தின் முன்னோடியான பில் ஜேம்ஸ் முதலில் 2 என்ற அடுக்கை வைத்தார். நீண்டகாலத் தரவுகளுக்கு 1.83 இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. பிரேவ்ஸ் 947 ரன் எடுத்து 716 கொடுத்தது, பலம் 1.67. பில்லீஸ் 796-க்கு 715, பலம் 1.22. மேலே சொன்னபடியே வகுத்தால் 0.578. அதாவது இந்த ஜோடியில் இரண்டு நண்பர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தனி ஆட்டத்தின் வாய்ப்பிலிருந்து தொடரின் வாய்ப்புக்குப் போக ஒரு படி பாக்கி. ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பை ‘வெ’ என்றும், தோற்கும் வாய்ப்பை ‘தோ’ என்றும் வைத்தால்:

மூன்று ஆட்டத் தொடர்: வெ² × (1 + 2தோ)
ஐந்து ஆட்டத் தொடர்: வெ³ × (1 + 3தோ + 6தோ²)
ஏழு ஆட்டத் தொடர்: வெ⁴ × (1 + 4தோ + 10தோ² + 20தோ³)

பிரேவ்ஸின் 0.589-ஐ ஐந்து ஆட்டச் சூத்திரத்தில் போட்டால் 0.66 வரும். இந்த எண்ணில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பருவத்தின் மிகச் சிறந்த அணி, தன்னைவிட 14 ஆட்டங்கள் குறைவாக ஜெயித்த அணியோடு மோதுகிறது; அப்போதும் மூன்றில் ஒரு முறை தோற்றுப்போகும். கிரிக்கெட் டெஸ்ட் தொடரை மனதில் வைத்துப் பார்க்கிறவருக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும். பேஸ்பாலில் பலமான அணியே பத்துக்கு நாலு ஆட்டம் தோற்கும். 162 ஆட்டங்கள் ஆடுவதற்குக் காரணமே, அவ்வளவு ஆடினால்தான் பலம் எது, அதிர்ஷ்டம் எது என்று ஓரளவாவது பிரியும் என்பதுதான்.

உள்ளூர் மைதான அனுகூலத்தை இருவரும் சேர்க்கவில்லை. பேஸ்பாலில் உள்ளூர் அணி நூற்றுக்கு 53, 54 ஆட்டங்கள் ஜெயிக்கும். ஐந்து ஆட்டத் தொடரில் கூடுதலாகக் கிடைப்பது அதிகபட்சம் ஓர் ஆட்டம். அதனால் தொடரின் வாய்ப்பில் வரும் மாற்றம் ஓரிரு சதவீதம்தான். எல்லா ஆட்டமும் ஒரே ஊரில் நடக்கும் வைல்டு கார்டு சுற்றில்தான் அதற்குக் கொஞ்சம் கனம் உண்டு. 2023-ல் அதைச் சேர்த்திருந்தால் இருவருக்கும் நஷ்டமே: ரேஞ்சர்ஸ் அந்த அக்டோபரில் வெளியூரில் ஆடிய 11 ஆட்டங்களையும் ஜெயித்தது.

இதோ 11 தொடர்களும். ஒவ்வொன்றிலும் ஜெயித்த அணிக்கு இரு நண்பர்களும் தந்திருக்கக்கூடிய சதவீதம் தரப்பட்டுள்ளது. 50-க்கு மேல் இருந்தால் கணிப்பு சரி. கீழே இருந்தால் தவறு.

வைல்டு கார்டு
ரேஞ்சர்ஸ், டாம்பா பே ரேஸை 2-0: வெற்றிக்காரர் 42, ரன்காரர் 47
மினசோட்டா ட்வின்ஸ், டொராண்டோ புளூ ஜேஸை 2-0: 48, 54
டைமண்ட்பேக்ஸ், மில்வாக்கி புரூவர்ஸை 2-0: 43, 41
பில்லீஸ், மயாமி மார்லின்ஸை 2-0: 56, 63

டிவிஷன் சீரிஸ்
ரேஞ்சர்ஸ், ஓரியோல்ஸை 3-0: 37, 53
ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், ட்வின்ஸை 3-1: 53, 50-ஐ மயிரிழையில் தாண்டியது
பில்லீஸ், பிரேவ்ஸை 3-1: 34, 36
டைமண்ட்பேக்ஸ், டாட்ஜர்ஸை 3-0: 32, 28

லீக் சாம்பியன்ஷிப்
ரேஞ்சர்ஸ், ஆஸ்ட்ரோஸை 4-3: 50, 54
டைமண்ட்பேக்ஸ், பில்லீஸை 4-3: 42, 37

வேர்ல்டு சீரிஸ்
ரேஞ்சர்ஸ், டைமண்ட்பேக்ஸை 4-1: 58, 72

எண்ணிப் பார்த்தால் வெற்றிக்காரருக்கு 3 சரி, 7 தவறு. ரேஞ்சர்ஸ், ஆஸ்ட்ரோஸ் இரண்டும் 90 வெற்றி என்பதால் ஒன்று சரியாக 50-ல் நின்றுவிட்டது. ரன்காரருக்கு 6 சரி, 5 தவறு. ரன்காரர் ஜெயித்துவிட்டார், ரன் வித்தியாசம்தான் நல்ல அளவுகோல் என்று இங்கேயே முடித்துக்கொள்ளத் தோன்றும். அப்படி முடித்தால் பிழை.

சதவீதக் கணிப்பை மதிப்பிட பிரையர் மதிப்பெண் என்று ஒன்று உண்டு. வானிலை முன்னறிவிப்புகளை அளப்பதற்காக 1950-ல் கிளென் பிரையர் தந்தது. செய்முறை இதுதான்: ஜெயித்த அணிக்கு நீங்கள் தந்த வாய்ப்பை 1-லிருந்து கழிக்க வேண்டும், மிச்சத்தை வர்க்கப்படுத்த வேண்டும், எல்லாத் தொடர்களுக்கும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். குறைவாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு தொடருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 50 என்று எழுதுகிறவருக்கு, அதாவது நாணயத்துக்கு, எப்போதும் 0.25 வரும்.

வெற்றிக்காரரின் கூட்டுத்தொகை 3.40, சராசரி 0.31. ரன்காரரின் கூட்டுத்தொகை 3.06, சராசரி 0.28. நாணயத்தின் கூட்டுத்தொகை 2.75. இருவருமே நாணயத்திடம் தோற்றார்கள். பாதிக்கு மேல் சரியாகச் சொன்ன ரன்காரரும் தோற்றார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவருக்குச் சரியாக வந்தவை பலவும் 50-ஐ ஒட்டியவை: 50, 53, 54, 54. தவறியவற்றில் மூன்று, துணிந்து சொன்னவை: டாட்ஜர்ஸுக்கு 72, பிரேவ்ஸுக்கு 64, பில்லீஸுக்கு 63. டாட்ஜர்ஸ் தொடர் ஒன்றே அவர் கணக்கில் 0.52 புள்ளியைச் சேர்த்துவிட்டது. வேர்ல்டு சீரிஸில் ரேஞ்சர்ஸுக்குத் தந்த 72 சரியாக வந்தும், அதே டைமண்ட்பேக்ஸ் இரண்டு சுற்றுகளில் தந்த அடியை அது ஈடுகட்டவில்லை.

ஆக, ரன்காரர் எங்கே உண்மையாகவே தெரிந்து சொன்னார், எங்கே இருவருமே பார்க்காமல் விட்டார்கள் என்று தொடர் தொடராகப் பிரிக்க வேண்டும்.

நண்பர்கள் எதிரெதிராக நின்ற பெரிய இடம் ஓரியோல்ஸ், ரேஞ்சர்ஸ் தொடர். 101 வெற்றிக்கும் 90 வெற்றிக்கும் இடையே 11 ஆட்ட இடைவெளி. வெற்றிக்காரர் ஓரியோல்ஸுக்கு 63 தந்தார். ரன் கணக்கோ வேறு கதை சொன்னது. ஓரியோல்ஸ் 807 எடுத்து 678 கொடுத்தது, வித்தியாசம் 129. ரேஞ்சர்ஸ் 881-க்கு 716; வித்தியாசம் 165. சூத்திரத்தின்படி ஓரியோல்ஸ் 94 ஆட்டமும் ரேஞ்சர்ஸ் 96 ஆட்டமும் ஜெயித்திருக்க வேண்டும். இடைவெளி எங்கே போனது? ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில். அவற்றில் ஓரியோல்ஸ் 30 வெற்றி, 16 தோல்வி; ரேஞ்சர்ஸ் 14 வெற்றி, 22 தோல்வி. முன்னிலையைக் காக்க வேண்டிய கடைசி இன்னிங்ஸ்களில் ரேஞ்சர்ஸின் மாற்றுப் பிட்சர்கள் (தொடங்கியவருக்குப் பதிலாக இறங்கும் பந்தெறிபவர்கள்) 30 முறை காத்தார்கள், 33 முறை கோட்டைவிட்டார்கள்.

ஒரு ரன் ஆட்டங்களின் முடிவில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. ஓர் ஆண்டு 30-16 வந்த அணிக்கு மறு ஆண்டும் அப்படி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல. ஓரியோல்ஸுக்கு அந்த வெற்றிகளைக் காத்துத் தந்தவர் கடைசி இன்னிங்ஸ் பிட்சர் ஃபெலிக்ஸ் பாட்டிஸ்டா. ஆகஸ்டில் அவருக்கு முழங்கைத் தசைநார் காயமானது. அக்டோபரில் அவர் இல்லை. எனவே 101 என்ற எண், அக்டோபரில் ஆடாத ஒருவரின் உழைப்பையும் உள்ளே வைத்திருந்தது. தொடர் 3-2, 11-8, 7-1 என்று மூன்றே ஆட்டங்களில் முடிந்தது. ரன்காரர் இந்த ஒரு தொடரில் பெற்ற புள்ளி நியாயமானது. காரணம் தெரிந்து பெற்றது.

இன்னொரு விவரமும் இங்கே சேர வேண்டும். ரேஞ்சர்ஸும் ஆஸ்ட்ரோஸும் ஒரே கணக்கில், 90-72, பருவத்தை முடித்தன. இரண்டும் மோதிய 13 ஆட்டங்களில் ஆஸ்ட்ரோஸ் 9-4 என்று முன்னிலை. அதனால் இரண்டும் இருந்த பிரிவின் (டிவிஷன்) பட்டமும் முதல் சுற்று ஓய்வும் அதற்கு. ரேஞ்சர்ஸ் ஐந்தாம் தரவரிசைக்கு இறங்கி டாம்பா பேவுக்குப் போனது. தரவரிசை எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு அது ஐந்தாவது அணி. ரன் கணக்கில் அமெரிக்கன் லீகில் அது ரேஸுக்கு அடுத்த இரண்டாவது அணி.

டைமண்ட்பேக்ஸ் விஷயம்தான் ஆழமானது. 746 ரன் எடுத்து 761 கொடுத்த அணி. வித்தியாசம் கழித்தல் 15. சூத்திரம் அதற்கு 80 வெற்றிகூடத் தரவில்லை. ரன்காரரின் கணக்கில் அந்த அணி நேஷனல் லீகை ஜெயித்த பாதையின் வாய்ப்பு 0.41 × 0.28 × 0.37, ஏறத்தாழ 24-ல் ஒன்று. வெற்றிக்காரரின் கணக்கில் 17-ல் ஒன்று. அதாவது நல்ல முறை என்று பெயரெடுத்தது, இந்த இடத்தில் கூடுதலாகத் தவறியது.

காரணம், பருவத்தில் ரன் கொடுத்த அணியும் அக்டோபரில் பந்தெறிந்த அணியும் ஒன்றல்ல. பருவத்தில் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் ஐந்து பேர் தேவை, காயம் பட்டால் ஆறாவது ஏழாவது ஆளும் தேவை. பிளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாள் வருவதால் மூன்று பேரை வைத்தே ஓட்டிவிடலாம். டைமண்ட்பேக்ஸிடம் சாக் கேலன், மெரில் கெல்லி என்று முதல் தரமான இருவர் இருந்தார்கள். மூன்றாமவர் புதுமுகம் பிராண்டன் ஃபாட். பருவத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.72 ரன் கொடுத்தவர். இந்த எண்ணைப் பார்த்து அவரை யாரும் நம்பியிருக்க முடியாது. அவர் டாட்ஜர்ஸுக்கு எதிராக 4⅓ இன்னிங்ஸ், பில்லீஸுக்கு எதிராக 5⅔ இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் எறிந்தார் (ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; ⅓ என்பது ஓர் அவுட்). ஜூலை இறுதியில் சியாட்டில் மரினர்ஸிடமிருந்து வாங்கிய பால் சீவால்ட் கடைசி இன்னிங்ஸைப் பார்த்துக்கொண்டார். 761 ரன்களில் பெரும் பங்கைக் கொடுத்தவர்கள் அக்டோபரில் பந்தைத் தொடவே இல்லை, அல்லது தோற்ற ஆட்டத்தில் மட்டும் தொட்டார்கள்.

டாட்ஜர்ஸ் பக்கம் நேர் எதிர். நம்பியிருந்த தொடக்கப் பிட்சர்கள் இல்லாமல் போனார்கள். வாக்கர் பியூலர், டஸ்டின் மே, டோனி கான்சலின் மூவரும் அறுவைச் சிகிச்சையால் வெளியே. ஹூலியோ ஊரியாஸ் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அணியில் இல்லை. மிஞ்சிய கிளேட்டன் கெர்ஷா பருவத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.46 ரன் என்ற சிறந்த எண்ணோடு வந்தார். ஆனால் தோளில் பிரச்சினை, நவம்பரில் அவருக்கும் அறுவைச் சிகிச்சை ஆனது. முதல் ஆட்டத்தில் அவர் ஒரே ஒருவரை அவுட்டாக்கி ஆறு ரன் கொடுத்தார். இரண்டாவதில் பாபி மில்லர் 1⅔ இன்னிங்ஸ். மூன்றாவதில் லான்ஸ் லின் 2⅔ இன்னிங்ஸ், ஒரே இன்னிங்ஸில் நான்கு ஹோம் ரன். மூன்று ஆட்டங்களிலும் தொடக்கப் பிட்சர்கள் சேர்ந்து எறிந்தது 4⅔ இன்னிங்ஸ். பேட்டிங்கின் தூண்களான மூக்கி பெட்ஸும் ஃப்ரெடி ஃப்ரீமனும் இருவருமாக 21 முயற்சியில் ஒரே ஒரு ஹிட். பேட்டிங் சரிவை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. மூன்று ஆட்டத்தில் யாருக்கும் நடக்கும். பிட்சர் பஞ்சமோ அக்டோபர் 1 அன்றே எழுத்தில் இருந்தது. 72 என்று எழுதுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

பிரேவ்ஸ் நிலைமையும் ஏறத்தாழ அதுவே, கொஞ்சம் மிதமாக. 307 ஹோம் ரன் அடித்து லீக் சாதனையைச் சமன்செய்த அணி, பில்லீஸுக்கு எதிராக நான்கு ஆட்டத்தில் மொத்தம் 8 ரன் எடுத்தது. இது யாராலும் கணிக்க முடியாத பகுதி. சார்லி மோர்டன் விரல் காயத்தால் தொடரிலேயே இல்லை, மேக்ஸ் ஃப்ரீட் விரல் கொப்புளத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தார், மூன்றாம் ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பு பிரைஸ் எல்டர்மேல் விழுந்தது. இவை கணிக்க முடிந்த பகுதி. அந்த மூன்றாம் ஆட்டம் 10-2.

பில்லீஸ், டைமண்ட்பேக்ஸ் தொடருக்கு இந்த விளக்கமும் முழுதாகப் போதாது. ஏழு ஆட்டங்களில் பில்லீஸ் 30 ரன் எடுத்தது, டைமண்ட்பேக்ஸ் 21. ரன்காரரின் அளவுகோல்படி அந்தத் தொடரையே பில்லீஸ் ஆதிக்கம் செலுத்தியது. ஆனால் அதில் 10 ரன் இரண்டாம் ஆட்டத்தில் ஒரேயடியாக வந்தது. மூன்றாவதை 2-1 என்றும் நான்காவதை 6-5 என்றும் டைமண்ட்பேக்ஸ் பறித்துக்கொண்டது. அந்த இரண்டு தோல்வியும் கிரெய்க் கிம்ப்ரெல் கணக்கில் எழுதப்பட்டன. கடைசி இரண்டு ஆட்டங்களை பிலடெல்பியாவிலேயே போய் ஜெயித்தது டைமண்ட்பேக்ஸ். ஒரு ஆட்டத்தில் சேர்த்த ரன்னை அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துப்போக முடியாது. 162 ஆட்டத்தில் இந்தக் குறை தானே கரைந்துபோகும், ஏழில் கரையாது.

பிட்சர்கள் குறைவாக இருப்பது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை வேர்ல்டு சீரிஸ் காட்டியது. டைமண்ட்பேக்ஸிடம் நம்பத்தகுந்த நான்காவது தொடக்கப் பிட்சர் இல்லை. நான்காம் ஆட்டம் வரும்போதெல்லாம் மாற்றுப் பிட்சர்களை வரிசையாக இறக்கியே சமாளித்தார்கள். பில்லீஸுக்கு எதிராக அது 6-5 என்று தப்பியது. ரேஞ்சர்ஸுக்கு எதிராக இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து ரன், மூன்றாவதில் ஐந்து ரன், பத்தும் இரண்டு பேர் அவுட்டான பிறகு வந்தவை, முடிவு 11-7. சாம்பியன்ஷிப் தொடரில் 15 ரன்களுக்குக் காரணமாகி சாதனை படைத்த அடோலிஸ் கார்சியாவும் மேக்ஸ் ஷெர்சரும் அந்த ஆட்டத்துக்கு முன்தான் காயத்தால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அடுத்த நாள், நவம்பர் 1, ஏழாவது இன்னிங்ஸ் வரை கேலன் ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் 5-0 என்று ரேஞ்சர்ஸ் கோப்பையை எடுத்தது. 1961-ல் வாஷிங்டனில் தொடங்கிய அந்த அணிக்கு முதல் பட்டம்.

அடுத்த முறை இரு நண்பர்களும் தாளில் சேர்க்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, தொடரின் முதல் மூன்று ஆட்டங்களை யார் தொடங்குவார்கள் என்ற பெயர்ப் பட்டியல். ஒவ்வொருவரும் கடைசி 30 நாளில் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார், காயப் பட்டியலில் இருந்தாரா என்பது. கடைசி மாதத்தில் 20 இன்னிங்ஸுக்குக் குறைவாக எறிந்தவரின் பருவச் சராசரியை அப்படியே நம்பக்கூடாது. இரண்டாவது, பிளேஆஃபுக்கான 26 பேர் பட்டியலில் இல்லாதவர்கள் கொடுத்த ரன்களைக் கொடுத்த ரன் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, அவர்கள் எறிந்த இன்னிங்ஸையும் கழித்து, 162 ஆட்டத்துக்கு மறுபடி விரித்துக்கொள்வது. வேலை அதிகம், ஒரு அணிக்கு அரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் டைமண்ட்பேக்ஸ் விஷயத்தில் நடந்தது போன்ற தவறைக் குறைப்பது இதுதான். மூன்றாவது, வீரர் மாற்றக் கெடுவுக்குப் பிறகான ஆட்டங்களைத் தனியாகப் பார்ப்பது. 2023-ல் கெடு ஆகஸ்ட் 1. ஷெர்சரும் ஜோர்டன் மாண்ட்கமரியும் ரேஞ்சர்ஸுக்கு வந்தது அதை ஒட்டித்தான். ஆனால் அதற்குப் பின் மிஞ்சுவது ஐம்பத்துச் சொச்சம் ஆட்டமே. அதற்குப் பாதிக்கு மேல் எடை கொடுத்தால் தற்செயலைத் துரத்துவதாகிவிடும்.

ஓய்வுக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நாள் சும்மா இருந்ததால்தான் பெரிய அணிகள் துருப்பிடித்தன என்று அந்த அக்டோபரில் பரவலாகப் பேசப்பட்டது. 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் ஓய்வு பெற்ற எட்டு அணிகளில் மூன்றுதான் அடுத்த சுற்றைத் தாண்டின. ஆனால் 2024-ல் நான்கில் மூன்று தாண்டின. பன்னிரண்டில் ஆறு. இதற்கென்று தாளில் ஒரு பத்தி ஒதுக்கத் தேவையில்லை.

எண்களை நடுப்பக்கம் இழுத்தால் என்ன என்றும் பார்க்கலாம். ரன்காரரின் ஒவ்வொரு சதவீதத்தையும் 50-க்கும் அதற்கும் நடுவில் வைத்தால், 72 என்பது 61 ஆகும், 28 என்பது 39 ஆகும். அப்படிச் செய்தால் அவரது பிரையர் சராசரி 0.28-லிருந்து 0.26-க்கு இறங்குகிறது. அப்போதும் நாணயத்துக்குப் பின்னால்தான். ஆனால் இந்தப் பருவத்துக்குப் பொருந்தும்படி முறையைத் திருகி வைப்பது ஆபத்து. 2023 வழக்கத்துக்கு மாறான ஆண்டு. ஐந்து ஆட்டத் தொடருக்கு 65, ஏழு ஆட்டத் தொடருக்கு 70 என்று உச்சவரம்பு வைத்துக்கொள்வது போதும். அதற்கு மேல் எழுத, எதிரணியின் பிட்சர்கள் யாரும் இல்லை என்ற அளவுக்குக் காரணம் இருக்க வேண்டும்.

வெற்றிக்காரரை இதை வைத்துக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மறு ஆண்டே விடை இருக்கிறது. 2024-ல் 98 வெற்றியோடு லீகிலேயே முதலாவதாக வந்த டாட்ஜர்ஸும் 94 வெற்றி பெற்ற நியூயார்க் யாங்கீஸும் வேர்ல்டு சீரிஸில் மோதின, டாட்ஜர்ஸ் 4-1. அந்த ஆண்டு அதிக வெற்றி பெற்ற அணியை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தால், வைல்டு கார்டில் நான்கில் மூன்று தவறியிருக்கும். அதன் பிறகு ஏழில் ஆறு சரி. மொத்தம் 11-க்கு 7. இரண்டு பருவத்தையும் சேர்த்தால், வெற்றிக்காரர் முடிவு சொன்ன 21 தொடர்களில் சரியானவை 10.